மூடாக்கின் மேல் வைத்த பூஜ்யம்

6 மே, செவ்வாய்

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்ததும் உன் பிள்ளைக் காப்பகத்துக்குப் பின்னால் போ. ஆறாம், ஏழாம் வரிசைகளில் காப்பகக் கொட்டகையை ஒட்டி நாலு எண்ணெய்ப்பனை நிற்கின்றன அல்லவா, அவற்றின் அடியைப் பார். நின்றபடி பார்த்தால் தெரியாது, குனிந்து பார். காற்று அடிக்கிற நேரத்தில் பார். அடிமரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஏதாவது ஒரு பக்கம் வெடிப்பு திறந்து மூடுகிறதா? எனக்கு அது தெரிய வேண்டும்.

போனில் சொல்லத்தான் பார்த்தேன். உன் காப்பகத்தில் நிழல் உண்டு, சிக்னல் கிடையாது. தோட்டத்து ஆபீஸுக்கு மூன்று முறை கூப்பிட்டேன். எழுத்தர் எடுத்து, "மூடாக்கு அறிக்கை விஷயம்னா எழுத்துல அனுப்புங்க சார், வாய்வார்த்தையா எதையும் எடுத்துக்கக் கூடாதுன்னு உத்தரவு" என்று வைத்துவிட்டார். அந்த உத்தரவை வாங்கி வைத்தவனே நான்தான். மேற்பார்வையாளர் என்பதற்காக அத்தான் வாயால் சொல்வதையெல்லாம் மேனேஜர் கணக்கில் எடுக்கக் கூடாது என்று போன வருஷம் மல்லுக்கு நின்றேன், நினைவிருக்கிறதா?

அதனால் எண்ணெய் டாங்கர் லாரிக்காரரிடம் கொடுத்து விடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் இங்கே வருகிறார். மறுநாள் அங்கே சேர்ந்துவிடுவார். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், அத்தான் கையில் கூடாது என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் இங்கே ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பனையின் வேரைப் பார்க்கக் குழி வெட்டினோம். பன்னிரண்டு வயது மரம். அங்கே இருப்பதைப் போலவே அடியைச் சுற்றி மண் காயாமல் இருக்க மூன்றடுக்கு மூடாக்கு; ஆலையில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சுகிற அதே வெறுங்குலைகள். நான் குழிக்குள் இருந்தேன். மரம் சாய்ந்தது. காற்று இல்லை. மரம் விழுந்தால் படபடவென்று முறியும், ஓடிவிடலாம் என்று எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான் கேட்டது. குழியின் கரை சரிந்து என் வலது கால்மேல் விழுந்தது. இரண்டு இடத்தில் முறிவு. இன்னும் ஒரு மாதம் காலை ஊன்றக் கூடாது. நான் நேரில் வராததற்குக் காரணம் இந்தக் கட்டு. இதை இதுவரை உனக்கு எழுதாததற்குக் காரணம் வீம்பு.

என்னை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அந்த மரத்தின் அடி என் முகத்துக்கு நேரே இருந்தது. கீழ்நோக்கிப் போக வேண்டிய வேர்கள் கறுத்து அழுகியிருந்தன, நசுக்கினால் நீர் விட்டது. மூன்றடுக்குக்கு அடியில் மண் ஒருநாளும் காயவில்லை, காற்றும் போகவில்லை. உயிருள்ள வேர் எல்லாம் மேலே மூடாக்குக்குள் ஏறிவந்து மெத்தை மாதிரிப் பின்னிக் கிடந்தது. வேரைச் சொல்லிக் குற்றமில்லை. உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடும் தண்ணீரும் வந்தால் யார் எழுந்து போவார்கள்? ஒன்றரை டன் மரம், மண்ணை விட்டுவிட்டுத் தன் மெத்தைமேல் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

மூடாக்கினால் வேர் பெருகுகிறதா என்று சோதிக்க, உன் கொட்டகையைச் சுற்றி அதைப் போட்டவன் நான். குழாய் பக்கத்தில் இருந்தது, வேர் கழுவ வசதி, அதனால் அந்த வரிசைகளைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவு அற்பமான காரணம்.

இப்போதைக்கு, அடிமரத்தை ஒட்டிய மூடாக்கை இரண்டடி தள்ளி இழுத்து விடு. வெடிப்பு உண்டா இல்லையா என்று வெள்ளிக்கிழமை லாரியில் எழுது.

தம்பி


8 மே, வியாழன்

குடுக்கைக்கு,

பதினாலு மாதம் கழித்து உன் கையெழுத்து. காலை முறித்துக்கொண்டு மூன்று வாரம் வாயைத் திறக்காமல் கிடந்திருக்கிறாய். அவசரக்குடுக்கை என்று உனக்குப் பேர் வைத்தவள் நான், அந்தப் பேரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். உன் அவசரம் எல்லாம் அடுத்தவர் காரியத்தில்தான். காலைப் பற்றிய சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

போய்ப் பார்த்தேன். நான்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. குழாயடி மரத்துக்கு வாயாடி என்று பேர் வைத்திருக்கிறார்கள். காற்று அடித்தால் வாயைத் திறக்குமாம், நின்றால் மூடிக்கொள்ளுமாம். திறக்கிற நேரம் பார்த்துக் கூழாங்கல், சிலேட்டுக்குச்சி, பழக்கொட்டை என்று ஊட்டுகிறார்கள். யார் அதிகம் ஊட்டினது என்று போட்டி வேறு. சில்வண்டை நினைவிருக்கிறதா? குலை வெட்டுகிறவரின் மகள். நீ வேர் கழுவும்போது சல்லடைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று உன் சட்டையை நனைப்பாளே, அவள்தான். இப்போது ஐந்து வயது ஆகப்போகிறது. அவள் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினாள். "முன்னெல்லாம் மூடும் டீச்சர். இப்ப எவ்ளோ குடுத்தாலும் மூட மாட்டேங்குது. அதுக்கு இன்னும் பசி."

கையை விட்டுப் பார்த்தேன். நாலு விரலும் போயிற்று. அப்போது காற்று வந்தது, எடுத்துவிட்டேன். மதியம் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றினேன். பாதிப் பால் தரையில்.

நீ சொன்னதைச் செய்துவிட்டேன். நானும் சமையலம்மாவும், பிள்ளையை விட வந்த இரண்டு பேருமாகச் சேர்ந்து நாலு மரத்தடியிலும் வாரி இழுத்தோம். நீ இரண்டடி என்றாய், நாங்கள் நாலடி வாரிவிட்டோம். பயந்தவள் கைக்கு அளவு தெரியாது. அடியில் நரைத்த தலைமுடி மாதிரி வெள்ளை வெளேரென்று வேர். இப்போது நல்ல வெயில் படுகிறது, அழுகல் எல்லாம் காய்ந்துவிடும் அல்லவா?

யார் வாரச் சொன்னது என்று அத்தான் கேட்டார். பிள்ளைகளைப் பூச்சி கடிக்கிறது என்றேன். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, மேலே கேட்கவில்லை. உன் பேரை இந்த வீட்டில் இன்னும் யாரும் எடுப்பதில்லை.

அக்கா


9 மே, வெள்ளி

அக்கா,

மூடாக்கைத் திரும்பப் போடு. இதைப் படித்துக்கொண்டே போடு. இழுக்கச் சொன்னது என் தப்பு. விழுந்த மரத்தை நினைத்துக்கொண்டு எழுதினேன், நிற்கிற மரத்தை நினைக்கவில்லை.

நீ பார்த்த வெள்ளை முடிதான் அந்த மரங்களுக்கு மிச்சமிருக்கிற உயிருள்ள வேர். நிழலிலும் ஈரத்திலும் வளர்ந்தது, இரண்டு நாள் வெயிலில் கருகிவிடும். கீழே இருப்பது ஏற்கெனவே செத்தது. மேலே இருப்பதும் போனால் மரத்தைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. குலைகளை அடுக்கு, சாக்கை நனைத்து மேலே போடு, குழாயைத் திறந்து விடு.

அடுத்தது, கல்லை எடுக்காதே. ஒரு கல்லைக் கூட எடுக்காதே, பிள்ளைகளை எடுக்கவும் விடாதே, புதிதாகப் போடவும் விடாதே; எடுத்தால் மரம் சட்டென்று திரும்பி மிச்ச வேரையும் அறுத்துக்கொள்ளும். வாய் மூடவில்லை என்று சில்வண்டு சொன்னதை நாலு முறை படித்தேன். காற்றில் மரம் ஒரு பக்கம் தூக்குகிறது, கல் உள்ளே போகிறது, காற்று நின்றதும் மரம் திரும்பி வர முடியவில்லை. அடுத்த காற்றில் இன்னும் கொஞ்சம் தூக்குகிறது, அடுத்த கல். பிள்ளைகள் ஆப்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள் அக்கா, ஒவ்வொரு கல்லாக. வாய் குழாய்ப் பக்கம் என்றால் மரம் எதிர்ப்பக்கம் சாய்கிறது. எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். மதியம் அவர்கள் படுக்கிற மூலை.

எவ்வளவு சாய்கிறது என்று தெரிய ஒரு வழி: எட்டுகிற உயரத்தில் மரத்தில் ஆணி அடிக்காமல் கயிற்றைச் சுற்றிக் கட்டி, நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிடு. கல்லுக்கு நேர் கீழே ஒரு முளை வை. கல் முளையை விட்டு எவ்வளவு நகர்கிறது என்று விரலால் அளந்து எழுது.

பிள்ளைகளைக் கொட்டகையில் வைக்காதே. பதிமூன்று, பதினாலாம் வரிசைகளுக்குக் கொண்டு போ. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மூடாக்கே போடாமல் நான் விட்டுவைத்த வரிசைகள் அவை. அங்கே வேர் ஒழுங்காக மண்ணுக்குள் இருக்கும். ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்.

இந்த லாரி நாளைக்குத்தான் அங்கே வரும்.

தம்பி


12 மே, திங்கள்

குடுக்கைக்கு,

சனிக்கிழமை உன் கடிதம் வந்ததும் குலைகளைத் திரும்ப அடுக்கினோம். வேரின் நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டிருந்தது. தடவினால் பொடியாகக் கையோடு வந்தது. நனைத்திருக்கிறோம். எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று என்னைக் கேட்காதே.

பதிமூன்று, பதினாலு என்கிறாய். உன் அறிக்கையில் 'வேர் இரண்டு மடங்கு' என்று இருந்ததை மேனேஜர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார், தெரியுமா? நீ போன மறுமாதமே, அந்த இரண்டு வரிசை மட்டும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று அதற்கும் போடச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தோட்டம் முழுக்க. இருநூறு ஏக்கர், பதினோராயிரம் மரம். மூடாக்கு இல்லாத மரம் என்று இங்கே ஒன்று கூட இல்லை. போட்டது எல்லாம் உன் அத்தானும் அவர் ஆட்களும். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேலை என்று வந்தால் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். அடுக்கினதில் ஒரு குலை கோணல் இருக்காது.

ஒரு வருஷம்தானே ஆகிறது, அதற்குள் வேர் மேலே வந்திருக்காது என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு பதினேழு பிள்ளைகளையும் பதினாலாம் வரிசைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். தார்ப்பாய் கட்டி, பாய் விரித்து, அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. சில்வண்டு ஓடிவந்து என் காதில் சொன்னாள்: "டீச்சர், இங்கயும் ஒண்ணு திறக்குது. சின்ன வாய்."

அதற்குப் பிறகு எந்த மரத்தடியும் வேண்டாம் என்று எடைமேடை முற்றத்துக்குப் போனோம். சிமெண்ட் தரை, மேலே வானம். மேனேஜர் வந்துவிட்டார். லாரி திரும்புகிற இடத்தில் பிள்ளைகளா என்று கத்தினார். அவர் கத்தினதிலும் நியாயம் இருக்கிறது. மரம் ஆடுகிறது என்றேன். சுவரில் இருக்கிற உன் தாளைக் காட்டினார். "எழுதினவர் எழுதி மாத்தட்டும்மா, நான் காப்பகத்தையே மூடிடறேன். நீங்க சொன்னா நான் மேலே என்ன பதில் சொல்றது?" திரும்பக் கொட்டகைக்கே வந்துவிட்டோம்.

பிள்ளைகளை வாசல் பக்கம் நெருக்கி உட்கார வைத்திருக்கிறேன். அந்த மூலையில் நான் உட்காருகிறேன். தொங்கவிட்ட கல் இரண்டு விரல் நகர்ந்திருக்கிறது.

எழுதி மாற்று.

அக்கா


13 மே, செவ்வாய்

அக்கா,

மாற்றுவதற்கு முன் எதை மாற்றுகிறேன் என்று உனக்காவது சொல்ல வேண்டும்.

வேரை அளக்க ஒரு இரும்புக் குழாய் வைத்திருப்பேனே, அதில் சிவப்புப் பூசிய பித்தளை வளையம் ஒன்று இருக்கும். மூடாக்கைக் கையால் ஒதுக்கிவிட்டு, வளையம் மண்ணைத் தொடும்படி குழாயை நிறுத்த வேண்டும். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து நாற்பது சென்டிமீட்டர் இறக்கி, குழாய்க்குள் வருகிற மண்ணைக் கழுவி வேரை எடை போட வேண்டும். கடைசி அளவு எடுக்கிற அன்று வளையத்தைக் காணோம். தண்ணீர்க் குழாயடியில்தான் வைத்திருந்தேன். அத்தானின் ஆட்கள்தான் பழைய பித்தளைக்கு எடுத்துவிட்டார்கள் என்று நின்றேன். அவர்கள் சாப்பாட்டுப் பைகளைத் திறந்து காட்டச் சொன்னேன். பதினோரு பேர், அத்தான் கண்ணெதிரே, ஒவ்வொரு பையாக. அந்த முகங்களை நான் அன்று பார்க்கவில்லை. இப்போது படுத்துக்கொண்டு பார்க்கிறேன்.

புது வளையம் வர ஒரு வாரம் ஆகும். எனக்குப் பொறுக்கவில்லை. குழாயில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினேன். வளையம் இல்லாததால் மூடாக்கை ஒதுக்குகிற வேலையையும் விட்டுவிட்டு, குலைகளின் மேலிருந்தே குழாயை இறக்கினேன். மூடாக்கின் மேல் பூஜ்யத்தை வைத்துவிட்டேன். நாற்பதில் முப்பது சென்டிமீட்டர் வெறுங்குலை. நான் கழுவி எடை போட்ட வேர் எல்லாம் அதற்குள் ஏறிவந்த வேர். மண்ணில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. இரண்டு மடங்கு என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை, அழகான படம் போட்டிருந்தேன்.

அதே வாரம் அத்தான் மேனேஜர் அறையில், "காப்பகத்து மரம் கையை வெச்சா ஆடுது" என்றார். "உங்க கையில அளவு குறிச்சிருக்கா அத்தான்? குறிச்சிருந்தா எழுதிக்கிறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பதினாலு மாதம் ஆகிறது.

இங்கே என் அதிகாரியிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். மறுபடி அளவு எடுத்த பிறகு திருத்தலாம், மூன்று மாதம் ஆகும், அவசரப்பட்டு எதையும் வெளியே அனுப்பாதே என்கிறார். இந்த வேலையே அந்த அறிக்கையால் கிடைத்தது. நானே அதைப் பொய் என்று எழுதிக் கொடுத்தால் இங்கே வைத்திருக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை வரை பொறு. அவரிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்கிறேன். மூன்று நாள்தான்.

தம்பி


15 மே, வியாழன்

மூன்று நாள் பொறு என்று மரத்துக்கும் ஒரு கடிதம் எழுதிவிடு.

நேற்று மழை. பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்தவர்கள் எல்லோரும் நனைந்துகொண்டே வாசலில் நின்றார்கள், ஒருவரும் மரத்தடியில் ஒதுங்கவில்லை. யார் சொன்னார்களோ தெரியாது. கல் நாலு விரல் நகர்ந்துவிட்டது. வெடிப்புக்குள் மழைத் தண்ணீர் போகிற சத்தம் கேட்கிறது. பிள்ளைகள் அது தண்ணீர் குடிக்கிறது என்கிறார்கள்.

உன் பூஜ்யக் கதையை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்காமல் வாசித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பை வந்த இடத்தில் கை நின்றது, பிறகு மறுபடி சாப்பிட்டார். முடித்து, கை கழுவி, கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். வாயாடியைத் தண்ணீர்த் தொட்டித் தூணோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். கயிறு தாங்குமா என்று கேட்டேன். "தாங்காது. ஆனா போறதுக்கு முன்னாடி முறுக்கும். அந்தச் சத்தம் கேட்டா ஓடறதுக்கு நேரம் இருக்கும்" என்றார்.

நான் அந்த மூலையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன், காது முழுக்கக் கயிற்றில் இருக்கிறது. இரண்டு முறை பாட்டை நடுவில் மறந்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ எதற்குப் பயப்படுகிறாய், மரத்துக்கா, வேலைக்கா?


16 மே, வெள்ளி

அக்கா,

வேலைக்குத்தான் பயந்தேன். நேற்று வரை.

இதோடு மூன்று பிரதி இருக்கின்றன. ஒன்று மேனேஜருக்கு. ஒன்று அத்தானுக்கு. ஒன்றை எடைமேடைப் பலகையில் ஒட்டு, குலை வெட்டுகிறவர்கள் பார்க்கட்டும். என் கையெழுத்தும் நிலையத்து முத்திரையும் இருக்கின்றன. முத்திரையைக் கேட்காமல் எடுத்துப் போட்டேன். எழுதியிருப்பது இவ்வளவுதான்:

'மூடாக்கினால் வேர் இரண்டு மடங்கு ஆனது என்று நான் எழுதியது தவறு. மண்ணிலிருந்து அளக்க வேண்டியதை மூடாக்கின் மேலிருந்து அளந்தேன். மூன்றடுக்காக, அடிமரத்தை ஒட்டிப் போட்ட மூடாக்கில் வேர் மேலே ஏறிவிட்டது. கீழ் வேர் அழுகியிருக்கும். இந்த மரங்கள் காற்று இல்லாமலும் விழலாம். காப்பகத்தை உடனே காலி செய்யுங்கள். மூடாக்கை வாரி எடுக்காதீர்கள். ஆடுகிற மரம் எது என்று மேற்பார்வையாளர் போன வருஷமே சொன்னார். அவர் சொன்னது சரி.'

அதிகாரியிடமும் ஒரு பிரதி கொடுத்தேன். படித்துவிட்டு, கால் சரியானதும் பெட்டியைக் கட்டிக்கொள் என்றார். சரி என்றேன்.

மேனேஜர் என்ன சொன்னாலும் நாளைக் காலை பிள்ளைகளை உள்ளே விடாதே. நீயும் அந்த மூலையில் உட்காராதே.

தம்பி


19 மே, திங்கள்

தம்பி,

பிள்ளைகள் பத்திரம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அடுத்த வரிக்குப் பதறி ஓடுவாய்.

சனிக்கிழமை காலை லாரிக்காரர் நேரே காப்பகத்துக்கே வந்துவிட்டார். உன் தாளைக் கொண்டு போய் மேனேஜர் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். எழுந்து சுவரில் இருந்த சட்டத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிள்ளைகளை எடைமேடைக்குக் கொண்டு போங்கள், லாரிகளை வெளியே நிறுத்தச் சொல்கிறேன் என்றார். பதினேழு பேரையும் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணி அழைத்துப் போய், சமையலம்மாவிடம் விட்டுவிட்டு, மற்றச் சாமான்களை எடுக்கத் திரும்பி வந்தேன்.

மேனேஜரும் அத்தானும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உண்மையிலேயே ஆடுகிறதா என்று மேனேஜர் கேட்டார். கேலி இல்லை, பாவம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அத்தான் எல்லோரையும் வாய்ப் பக்கமாகத் தூரப் போகச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி உள்ளங்கையை மரத்தில் வைத்தார். அவர் தள்ளவில்லை தம்பி. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், தள்ளவே இல்லை. கயிறு முறுக்கிற்று, அறுந்தது. அதற்குப் பிறகு நீ எழுதியிருந்தாயே, ஈரத் துணி, அந்தச் சத்தம். மரம் போய் அந்த மூலைமேல் படுத்தது. கூரைத் தகடு காகிதம் மாதிரி மடிந்தது. நான் உட்காருகிற பலகை எங்கே என்று தெரியவில்லை. "காத்தே இல்லையே, காத்தே இல்லையே" என்று மேனேஜர் ஏழெட்டுத் தடவை சொன்னார். அத்தான் கையை நீட்டினபடியே நின்றார். நான் போய்த்தான் அந்தக் கையை இறக்கிவிட்டேன்.

மரம் பெயர்ந்த பள்ளத்தில் அத்தனையும் கிடந்தன. அறுபது எழுபது கூழாங்கல், சிலேட்டுக்குச்சி, காணாமல் போன என் பால் கரண்டி. எல்லாவற்றுக்கும் அடியில், வேர் சுற்றிப் பிடித்தபடி, உன் வளையம்.

அத்தான்தான் குனிந்து எடுத்தார். சட்டையில் துடைத்தார். சிவப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தன் ஆட்கள் பதினோரு பேரையும் வரச் சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து வாங்கினார். ஒருவர் மட்டும் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்.

சில்வண்டிடம் கேட்டேன். கொஞ்சமும் மறைக்கவில்லை. "அந்த வளையலைத்தான் டீச்சர் முதல்ல குடுத்தேன். மெல்லிசா ஒரு கோடு மாதிரிதான் இருந்துச்சு வாயி, கஷ்டப்பட்டுப் போட்டேன். அதுக்கப்புறந்தான் அதுக்குப் பசிக்க ஆரம்பிச்சுது."

நீ வளையத்தைத் தேடிச் சத்தம் போட்ட அன்றைக்கே வாய் திறந்திருக்கிறது. உன் காலடியில்.

இன்று ஒருவரும் வெட்டப் போகவில்லை. குலை வெட்டுகிறவர்கள் எல்லோரும் சாலையிலேயே நிற்கிறார்கள், உன் தாள் ஒட்டின பலகைக்கு முன்னால். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வாசித்துக்கொண்டே இருக்கிறார், புதிதாக வருகிறவர்களுக்காக மறுபடி மறுபடி. எங்கள் வீட்டுக்குப் போகிற வழியிலும் இரண்டு பக்கமும் பனைதான். நடுச்சாலையில் நடக்கிறோம். ஒரு ஓலை அசைந்தாலும் நின்றுவிடுகிறோம்.

அத்தான் மட்டும் உள்ளே போகிறார். நேற்றிலிருந்து ஒவ்வொரு மரமாகக் கை வைத்துப் பார்த்து, ஆடுகிறதற்குச் சுண்ணாம்புக் குறி போடுகிறார். நாற்பது பார்த்திருக்கிறார், பதினெட்டில் குறி. வேண்டாம் என்றேன். நான் அடுக்கினது, நான்தான் பார்க்கணும் என்கிறார். பதினோராயிரம் இருக்கிறது தம்பி. ஒவ்வொரு தடவையும் அவர் கையைத் தூக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

வளையத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவர்தான் தாளில் சுற்றிக் கொடுத்தார். "அனுப்பிடு. அளவு இல்லாம தவிச்சுப் போயிருப்பான்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா


20 மே, செவ்வாய்

அக்கா,

வளையம் என் மேசைமேல் இருக்கிறது. தொடவில்லை.

வியாழக்கிழமை நிலையத்து ஜீப் அந்தப் பக்கம் வருகிறது. கட்டோடு பின்சீட்டில் படுத்துக்கொண்டு வருகிறேன். அந்தப் பதினோரு பேரையும் முதலில் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வேலை. நடுச்சாலையில் ஒரு நாற்காலி போட்டால் போதும், அங்கிருந்தே கல் கட்டிய கயிற்றைப் படித்துவிடுவேன். குறி போட்ட பதினெட்டிலும் தொங்கவிடச் சொல்லு. நீளமான மூங்கிலின் நுனியில் கட்டி, தூரத்தில் நின்று மாட்ட வேண்டும். மழை எச்சரிக்கை வந்திருக்கிறது, வெள்ளி இரவிலிருந்து நாலு நாள். அதற்குள் சாலையை ஒட்டிய வரிசைகளையாவது பார்த்துவிட வேண்டும்.

ஒவ்வொரு கடிதத்திலும் உனக்கு ஏதாவது செய்யச் சொன்னேன், பாதி தப்பு. இந்த ஒன்று தப்பில்லை. எங்களிடம் இருந்த கருவிகளிலேயே சரியாக அளந்தது அத்தானின் கைதான். ஆனால் அந்தக் கருவிக்கு மரத்தைத் தொட வேண்டும், தொடுகிற தூரத்தில் நிற்க வேண்டும். நாற்பது மரம் அவரை விட்டுவிட்டது. நாற்பத்தொன்றாவது மரத்துக்கு எதுவும் தெரியாது.

இதை நான் சொன்னதாகவே சொல்லு, பேரைச் சொல்லியே சொல்லு. நான் வந்து சேரும்வரை அத்தான் எந்த மரத்திலும் கை வைக்க வேண்டாம்.

தம்பி